ஞாயிற்றுக்கிழமை விலங்கியல் வகுப்பு

செல்வலட்சுமியின் அம்மா பாண்டீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். பெட்பேன் எடுப்பது, வார்டைத் துடைப்பது, ஆபரேஷன் ஆனவர்களைக் கைத்தாங்கலாகக் கக்கூசுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள் வேலை. அங்கிருந்த நர்சுகளில் பாதிப் பேர் அவளைவிட ரொம்பச் சின்னவர்கள். "பாண்டீஸ்வரி, இங்க வா", "பாண்டீஸ்வரி, அதை எடு" என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் அவர்களை சிஸ்டர் என்பாள். அதைப்பற்றி வீட்டில் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் மகளுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் வந்த அன்றைக்கு ஒன்றே ஒன்றை முடிவாகச் சொன்னாள்.

"நீ நர்சிங் படிக்கணும் லச்சுமி. கவர்மெண்டு காலேசுல. வெள்ளை உடுப்புப் போட்டு நீ வார்டுக்குள்ள வாரதை நான் பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்பா விஜயபாண்டி லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வீட்டில் எந்த முடிவும் அம்மா எடுத்ததுதான். அதுவரை மம்சாபுரத்தில் குடியிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த செல்வலட்சுமி, அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ராஜபாளையத்துக்குக் குடிவந்து, புதுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கு கிடையாது.

கணக்கு இல்லாமல் படிக்கப்போகிறோம் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து பல நாள் கழித்துத்தான் உறைத்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல மனசு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. விலங்கியல் டீச்சர் மண்புழுவின் உடலைப் படம் போட்டு விளக்கும்போது, செல்வலட்சுமி அதன் வளையங்களை எண்ணி, அந்த எண்ணுக்கு என்னென்ன வகுத்திகள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அப்போதுதான் நாராயணி போனில் கூப்பிட்டு அழுதாள்.

நாராயணி ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்தாவதுவரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் அப்பா நம்பி, ஆண்டாள் கோயில் மடைப்பள்ளியில் வேலையாக இருந்தார். மகள் இன்ஜினியர் ஆகவேண்டும் என்று அவருக்கு ஆசை. நாராயணிக்குத் தமிழ் படிக்க ஆசை. அப்பாவின் ஆசைதான் நடந்தது. கணக்குப் பிரிவில் சேர்ந்து, காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயிலாகி நின்றாள்.

"அணிகள்னு ஒண்ணு இருக்குடி. பெட்டி பெட்டியா நம்பர் போட்டு வெச்சிருக்கா. அதைப் பாத்தாலே புத்தகத்தை மூடிடறேன்" என்றாள்.

"நான் ஞாயித்துக்கிழமை வாரேன். புத்தகத்தைக் காட்டு, என்னன்னு பாப்போம்" என்றாள் செல்வலட்சுமி.

பாடம் அவளுக்கும் புதிது. நாராயணி வீட்டு மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு அடியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். நாராயணி பக்கத்தில் சும்மா இருந்தாள். மத்தியானம் ஆவதற்குள் செல்வலட்சுமிக்கு அது பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் முகமெல்லாம் சூடாகி, சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நாராயணிக்கு மெதுவாக, அவள் மறக்காதபடி, சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வாரேன்" என்று தானே சொன்னாள்.

வீட்டில் என்ன சொல்வது? பஸ் மம்சாபுரம் விலக்கு தாண்டுவதற்குள் ஒரு பொய் தயாராகிவிட்டது.

"நாராயணி வீட்டுத் தெருவுல ஒரு விலங்கியல் சார் இருக்காரும்மா. ரிட்டயர் ஆனவரு. ஞாயித்துக்கிழமை சும்மாவே சொல்லிக் குடுக்காரு."

பாண்டீஸ்வரிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, செல்வலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா உடனே, "பேரு என்ன?" என்றாள். "லிங்கேஸ்வரன்" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா காலையிலேயே எழுந்து இட்லி அவித்து, "சாருகிட்ட மரியாதையா இரு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு. வாயை மூடிட்டு இராத" என்று அனுப்பிவைத்தாள். தீபாவளிக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய முறுக்கு சுட்டு, "சாரு வீட்டுல குடுத்துரு" என்று தந்தாள். அந்த முறுக்கைச் செல்வலட்சுமியும் நாராயணியும் மாடியில் உட்கார்ந்து தின்றார்கள். முதல் முறுக்கு கசந்தது. பிறகு பழகிப்போயிற்று.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது நாராயணி எங்கேயோ விசாரித்து ஒரு சேதி கொண்டுவந்தாள். திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் பதிந்துகொண்டு பரீட்சை எழுதலாம்.

"நீ கணக்கு எழுதுடி. நீ படிக்கறதை நான் பாத்துண்டுதானே இருக்கேன். எழுதினா உனக்கும் இன்ஜினியரிங் வழி திறக்குமோ என்னமோ."

"எங்கம்மா?"

"மார்க்கைக் காட்டிட்டுச் சொல்லிக்கலாம். மார்க்கைப் பாத்தா அம்மா என்ன சொல்லிடப்போறா?"

செல்வலட்சுமிக்கும் அப்படித்தான் தோன்றியது. விண்ணப்பத்தை நாராயணியின் போனிலேயே போட்டார்கள்.

அந்த வருஷம் அவள் படித்த படிப்பை யாரும் படிக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நாலு அறிவியல் பாடம், தமிழ், ஆங்கிலம், செய்முறை நோட்டு, வாரத் தேர்வு. அதற்கு மேல் இரண்டு வருஷக் கணக்கு. அதுவும் திறந்தநிலைப் பள்ளியின் புத்தகம் வேறு, நாராயணியின் புத்தகம் வேறு. விடிவதற்கு முன் அம்மா காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும் உட்காருவாள். பஸ்ஸில் நின்றுகொண்டே மனசுக்குள் போடுவாள். தெரியாத இடம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. ஒரு கலப்பெண் கணக்கு வாரம் முழுக்கப் பிடிவாதமாக நின்றது. கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருந்தபோது விடை தோன்றியது. அதை அங்கே யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வாட்ச்மேன் வேல்சாமி மட்டும்தான் இருந்தார். "என்ன பாப்பா, தனியா சிரிக்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மாமா" என்றாள்.

தாவரவியல் டீச்சர் ஆனந்தவல்லி ஒருநாள் அவளைப் பிடித்துவிட்டார். செய்முறை வகுப்பில் இலைத் துளைகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லியிருந்தார். செல்வலட்சுமி நோட்டின் பின்பக்கத்தில் தொகையிடல் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கம் பக்கமாகக் கணக்கு.

"இது எதுக்கு ஒனக்கு?"

செல்வலட்சுமி நடந்ததைச் சொன்னாள். டீச்சர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று பிறகு அவளே நினைத்துக்கொண்டதுண்டு.

"கெட்டிக்காரிதான். இல்லைங்கலை. ஆனா ஒன் மார்க் இறங்கிட்டே வருது, பாத்தியா? அரையாண்டுல விலங்கியல் எம்புட்டு மோசம். நர்சிங் சீட்டு சும்மா கிடைக்காது. இப்போதைக்கு இதை எடுத்து வச்சிரு. ஒங்க அம்மா ஒன்னையே நம்பிட்டு இருக்காங்க."

"சரி டீச்சர்" என்றாள். எடுத்து வைக்கவும் செய்தாள். இரண்டு மூன்று நாள் தாங்கியது.

பொதுத் தேர்வு வந்தது. மற்றப் பரீட்சையெல்லாம் ஒருமாதிரி போயிற்று. விலங்கியலுக்கு முன்னால் விடுமுறை நாட்கள் இருந்தன. தினமும் காலையில் ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டுவிட்டு விலங்கியலை எடுக்கவேண்டும் என்று திட்டம். ஒரு கணக்கு இன்னொன்றில் கொண்டுபோய்விடும். நிமிர்ந்து பார்த்தால் வெயில் மேற்கே மலைப்பக்கம் சாய்ந்திருக்கும். அம்மா வந்து, விரித்துக் கிடக்கும் விலங்கியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் டீ வைத்துவிட்டுப் போவாள். அதற்கடியில்தான் கணக்கு நோட்டு இருந்தது.

பரீட்சை அறையில் கேள்வித்தாளைப் பார்த்தபோது அவளுக்குக் கண்ணை இருட்டவில்லை, மயக்கம் வரவில்லை. எல்லாம் படித்ததுபோலவும் இருந்தது, எதுவும் நினைவில் இல்லாததுபோலவும் இருந்தது. சிறுநீரகத்தின் படத்தைப் போடத் தொடங்கிப் பாதியில் நின்றாள். பாகங்களின் பெயர் வரவில்லை. கோட்டை மட்டும் அழகாக வளைத்து வளைத்து வரைந்துவிட்டு, பெயர் எழுதவேண்டிய இடங்களை வெறுமனே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில், "நல்லா எழுதிருக்கேன்" என்றாள்.

கணக்குப் பரீட்சை அதற்குப் பிறகு மதுரையில் நடந்தது. நாராயணியும் துணைக்கு வந்தாள். நம்பி காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு, "பெருமாளை நெனச்சுண்டு எழுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவிடம் நாராயணி வீட்டில் விசேஷம் என்று சொல்லியிருந்தாள்.

அந்த மூன்று மணி நேரம்போல ஒன்று அவள் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது. சுற்றிலும் வயதானவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண், எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்வலட்சுமிக்கு மட்டும் அந்த அறை தன் சொந்த வீடு மாதிரி இருந்தது. வெளியே வந்து நாராயணியைக் கட்டிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எதற்குச் சிரித்தோம் என்று பிறகு யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

மே மாதம் பள்ளிக்கூட மார்க் வந்தது. விலங்கியலில் பாஸ் மார்க்கைவிடக் கொஞ்சம்தான் மேலே. வேதியியலும் சுமார். பாண்டீஸ்வரி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சிஸ்டர்களிடமே கேட்டாள். அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "கவர்மெண்டு காலேஜ் கஷ்டம் பாண்டீஸ்வரி. பிரைவேட்ல வேணா பாரு" என்றார்கள். பிரைவேட் அவர்கள் வீட்டுக்கு எட்டாது என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அம்மா அழவில்லை, அடிக்கவில்லை. "பரவால்ல. நீ படிக்காமலா இருந்த? நான் பாத்துட்டுதானே இருந்தேன்" என்றாள். அதைக் கேட்டதும் சொல்லிவிடலாம் என்று செல்வலட்சுமி வாயைத் திறந்தாள். சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

அந்த வாரத்திலேயே நம்பி நாராயணியைக் கூட்டிக்கொண்டு செல்வலட்சுமி வீட்டுக்கு வந்தார். கையில் பால்கோவா, பெரிய பெட்டி. நெற்றியில் திருமண்ணோடு அவர் அந்தச் சின்ன வாசலில் குனிந்து நுழைந்ததைப் பார்த்துப் பாண்டீஸ்வரி பதறிப்போய், இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க சாமி. செத்த நேரம் இருங்க, மோரு கலக்குதேன்."

"ஒண்ணும் வேண்டாம்மா. உங்களுக்கு ஒரு நமஸ்காரம் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நாராயணி கணக்குல தொண்ணூறுக்கு மேல வாங்கியிருக்கா. இன்ஜினியரிங் நல்ல காலேஜா கிடைக்கும்கறா. எல்லாம் உங்க பொண்ணாலதான்."

பாண்டீஸ்வரிக்கு விளங்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள். செல்வலட்சுமி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம லச்சுமி என்ன சாமி செஞ்சா? அவளே மார்க் கொறைஞ்சு நிக்கா. நல்லவேளை நீங்களே வந்தீங்க. உங்க தெருவுல இருக்க விலங்கியல் சாரை நான் ஒருக்கா பாக்கணும். அம்புட்டு வாரம் போயும் இவ ஏன் இப்பிடி எழுதுனான்னு கேக்கணும்."

"விலங்கியல் சாரா?" நம்பி யோசித்தார். "எங்க தெருவுல அப்படி யாரும் இல்லையேம்மா."

நாராயணி தலையைக் குனிந்துகொண்டாள். நம்பி கவனிக்கவில்லை. நல்ல மனுஷன், நன்றி சொல்ல வந்த வேகத்தில் இருந்தார்.

"இவதான் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து, காலேலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இவளுக்குக் கணக்கு சொல்லிக்குடுப்பா. தானும் படிப்பா. கணக்குப் பரீட்சை எழுத மதுரைக்குப் போனப்போ நான்தானே ரெண்டு பேரையும் பஸ் ஏத்திவிட்டேன். உங்ககிட்ட சொல்லியிருப்பாளே?"

செல்வலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் குரல் கேட்டது.

"சொன்னா சாமி. நாந்தான் மறந்துட்டேன்."

மோர் கொடுத்தாள். பேசினாள். நாராயணியின் தலையைத் தடவி, "நல்லா இரு தாயி" என்றாள். பஸ் ஏறும் இடம்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். வந்து பால்கோவாப் பெட்டியைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டுபோய் எதிர் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ரொம்ப நேரம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"தீவாளிக்கு முறுக்கு குடுத்து விட்டேனே. அதை யாரு தின்னா?"

"நானும் நாராயணியும்."

அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அம்மா பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், வேலைக்குப் போனாள். மகள் பக்கம் முகம் திரும்பவில்லை. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாராயணி தினமும் செய்தி அனுப்பினாள்: போட்டுவிடு, கணக்கு மார்க் வந்ததும் சேர்த்துக்கொள்ள வழி கேட்கலாம், முதலில் போட்டுவிடு. சான்றிதழ்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. சாவி அம்மாவின் இடுப்பில். கேட்டால் கொடுத்திருப்பாளோ என்னவோ. ஒரு சாயங்காலம் அம்மாவின் பின்னாலேயே போய் நின்றாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். கடைசி நாளும் கடந்துபோயிற்று.

கணக்கு மார்க் பிறகுதான் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அவள் அதைப் போனில் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஆனாலும் அம்மாவிடம் சொன்னாள். இனி எதையும் மறைக்கக்கூடாது என்று இருந்தாள்.

அம்மா கேட்டுக்கொண்டாள். "அதை வச்சு இப்போ என்ன செய்யலாம்?"

"இந்த வருசம் ஒண்ணும் செய்ய முடியாது. தேதி முடிஞ்சிருச்சு."

"அடுத்த வருசம்?"

"தெரியலம்மா."

அம்மா ஆஸ்பத்திரி மேனேஜரிடம் பேசினாள். அங்கேயே உதவியாளர் பயிற்சி ஒன்று நடந்தது. காலையில் வகுப்பு, மீதி நேரம் வார்டில் வேலை. செல்வலட்சுமி அதில் சேர்ந்தாள். பயிற்சிப் பெண்களுக்கு வெளிர் நீலத்தில் கோட்டு. முதல் நாள் அம்மாவே அதை இஸ்திரி போட்டுத் தந்தாள். நர்சுகள், "செல்வலட்சுமி, இங்க வா" என்று கூப்பிட்டார்கள். அம்மா துடைத்துவிட்டுப் போன வார்டில் மகள் பிளட் பிரஷர் பார்த்தாள். இரண்டு பேரும் வராந்தாவில் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள்.

நாராயணி கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். கிளம்பும் முன் வந்து, "இது உன் சீட்டுடி" என்று அழுதாள். "பேசாம போயி படி" என்றாள் செல்வலட்சுமி. ஹாஸ்டலிலிருந்து நாராயணி கணக்கைப் படம் எடுத்து அனுப்புவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆஸ்பத்திரியின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, செல்வலட்சுமி வழியை எழுதி அனுப்புவாள். புதுப் பாடங்கள் வந்தபோது அவளும் போனிலேயே தேடி வாசித்து, புரிந்துகொண்டு சொன்னாள். ஒருநாள் ஒரு கணக்கின் நடுவில், மாடி வார்டில் பெரியவர் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள். ஓடினாள். தலையில் ரத்தம். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய முறை அவளுடையது; சாப்பாட்டு நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நாராயணிக்கு, 'இனிமே கணக்கு அனுப்பாதே. வேற எதுனாலும் பேசலாம்' என்று செய்தி போட்டாள். வேறு பேச அவர்களுக்கு அதிகம் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் பேச்சு நின்றுபோயிற்று.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், ஷிப்டு முடிந்து அம்மாவும் மகளும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். மில் விட்ட நேரம். ரோட்டில் சைக்கிளும் பைக்கும் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. பஞ்சு மார்க்கெட் தாண்டிக் கூட்டம் குறைந்ததும் பாண்டீஸ்வரி கேட்டாள்.

"ஏட்டி, நான் ஒண்ணு கேக்கேன். அந்தக் கணக்குல அப்பிடி என்னதான் இருந்துச்சு?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். செல்வலட்சுமி பதிலைத் தேடினாள். எத்தனையோ இருந்தது. எதைச் சொல்வது?

"இப்போ ஒரு கம்மாய் இருக்கும்மா. கரை நேரா இருக்காது, வளைஞ்சு வளைஞ்சு போகும். அதுக்குள்ள எம்புட்டு எடம் இருக்குன்னு சாதாரணமா அளக்க முடியாது. ஆனா அந்த வளைவு எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சா, சின்னச் சின்னதா வெட்டி, ரொம்பச் சின்னதா வெட்டி, கூட்டிப் பாத்தா சரியா வந்துரும். கொஞ்சங்கூடப் பிசகாது."

"அளந்து?"

"அளந்து ஒண்ணுமில்ல. அளக்க முடியுமேன்னுதான்."

பாண்டீஸ்வரி ரோட்டில் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தாண்டிப் போனாள்.

"எனக்கு வெளங்கலை" என்றாள். "நீ மொதல்லயே எங்கிட்ட சொல்லிருந்தாலும் எனக்கு வெளங்கியிருக்காது. வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்."

"தெரியும்மா."

"அதான் சொல்லலையோ?"

"ஆமா."

தூறல் விழத் தொடங்கியது. அம்மா சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இன்னொரு நுனியை மகள் பக்கம் நீட்டவா வேண்டாமா என்று கை ஒரு கணம் நின்றது. பிறகு கீழே இறங்கிவிட்டது. செல்வலட்சுமி நீலக் கோட்டைக் கழற்றி, நனையாமல் பைக்குள் மடித்து வைத்தாள். நாளைக்குக் காலையிலும் அதைத்தான் போடவேண்டும். இருவரும் மழையில் நனைந்துகொண்டே நடந்தார்கள்.